மெஷின் பொலிஷ் புதுசா பழகுறவங்க கேக்குற கேள்விகள் (மலைநாட்டுல கார் வச்சிருக்கவங்களுக்கு)

நான் டிக்கோயா பக்கம். ஞாயித்துக்கிழமைகள்ல வீட்டு வாசல்ல வச்சு கார் பொலிஷ் பண்றது கொஞ்ச வருஷமா பழக்கம். தொழில்னு சொல்ல ஏலாது, ஆனா சொந்தக்காரன், கூட்டாளி, கூட்டாளியோட மச்சான்னு ஒவ்வொருத்தரா வந்து இப்ப கார் நிக்காத ஞாயிறே இல்ல. வர்றவங்க எல்லாரும் கேக்குறது சுத்திச் சுத்தி ஒரே கேள்விங்கதான், அதுலயும் இலங்கையில 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிப்பாட்டி 2025 பெப்ரவரி வரைக்கும் சொந்தப் பாவனைக்கு கார் வராம இருந்ததுல எல்லாரும் பழைய காரையே பொத்திப் பொத்தி வச்சிருக்காங்க, அதனால கேள்வியும் கூடிப் போச்சு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதிட்டேன்.

பொலிஷ் பண்றதுனா உண்மையில என்ன நடக்குது? கீறல் எங்க போகுது?

கீறல ஏதோ ஒண்ணு போட்டு நெரப்புறோம்னுதான் நெறைய பேர் நெனைக்கிறாங்க. கீறல் எங்கயும் போகல, அதச் சுத்தி இருக்குற பெயின்ட்டத்தான் நாம தேய்ச்சு எறக்குறோம். மேல்பரப்பு கீறலோட அடிமட்டத்துக்கு எறங்கி வந்ததும் கீறல் காணாமப் போயிரும். ரோட்டுல பள்ளம் இருந்தா பள்ளத்த மூடாம முழு ரோட்டையும் பள்ளத்தோட ஆழத்துக்குச் செதுக்கி எடுத்த மாதிரி.

இப்ப ரோட்டுல ஓடுற அனேகமான கார்ல இரும்புக்கு மேல ப்ரைமர், அதுக்கு மேல கலர், எல்லாத்துக்கும் மேல கிளியர் கோட்னு கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். கம்பனிப் பெயின்ட் எல்லாம் சேர்த்தே சுமார் 100 லேருந்து 150 மைக்ரோன் (ஒரு மில்லிமீற்றர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்), ஜப்பான் கார் சிலதுல அதுக்கும் கொறைவு. அதுல கிளியர் மட்டும் 35 லேருந்து 50 மைக்ரோன் வரைக்கும். போட்டோகொப்பி அடிக்கிற தாள் ஒண்ணோட மொத்தமே கிட்டத்தட்ட 100 மைக்ரோன்தான், அப்ப நீங்க மெஷின வச்சு வெளையாடப் போறது அந்தத் தாள்ல பாதி கனத்துல. லேசான பொலிஷ் ஒரு தடவை பண்ணினா ஒண்ணு ரெண்டு மைக்ரோன் போகும், கொம்பவுண்ட் (பொலிஷ விட கூட வெட்டுற பசை) போட்டு நல்லா வெட்டினா மூணு நாலு அஞ்சு கூட போகும். காரோட முழு ஆயுசுக்கும் சேத்து ஏழு எட்டு மைக்ரோனுக்கு மேல எடுக்காம இருக்குறது நல்லது, அதுக்கு மேல போனா கிளியருக்கு வெயிலத் தாங்குற சக்தி கொறைஞ்சு சில வருஷத்துல வெளுத்து, தோல் உரியிற மாதிரி உரிய ஆரம்பிக்கும். நம்ம ஊர் வெயில் உறைக்காது, அதனால பரவாயில்லைனு நெனைக்காதீங்க. 1000 மீற்றர் மேல ஏறுறதுக்கு அல்ட்ரா வயலட் 10–12 சதவீதம் கூடுது, நுவரெலியா டவுன் கிட்டத்தட்ட 1,870 மீற்றர்ல இருக்கு.

அதனால என்கிட்ட பழக வர்றவங்களுக்கு நான் மொதல்ல சொல்றது ஒண்ணுதான்: எவ்வளவு கீறல் எடுக்கலாம்னு பாக்காதீங்க, எவ்வளவு கொறைவா வெட்டி சமாளிக்கலாம்னு பாருங்க.

சேர்விஸ் ஸ்டேஷன்ல பண்ற கட் அண்ட் பொலிஷும் இதுவும் ஒண்ணுதானே?

பேர் ஒண்ணு. நல்லா செய்யிறவங்களும் இருக்காங்க, நான் இல்லைங்கல. ஆனா அனேகமா நடக்குறது என்னன்னா, பெரிய ரோட்டரி மெஷின், அதோட முனையில மாட்டுற கம்பளிப் பேட், எண்ணெய்ப்பசை கூடின மலிவுக் கொம்பவுண்ட், ஒண்ணரை மணித்தியாலத்துல கார் வெளிய. அன்னைக்குப் பாத்தா பளபளனு மூஞ்சி தெரியும், ரெண்டு மூணு தடவை கழுவினதும் அந்த எண்ணெய் போயி பழைய கீறல் எல்லாம் திரும்ப எட்டிப் பாக்கும், அதோட சேத்து வெயில்ல பாத்தா மீன் செதில் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஒரு நிழல் ஓடும். அதுக்குப் பேர் ஹொலோகிராம். ரோட்டரிய சரியாப் பிடிக்காம விட்டா வர்றது. என் மச்சான் ஒருத்தன் அத "டிசைனா வருது பாரு"னு ரசிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தான், என்னத்தச் சொல்ல.

ரோட்டரி வாங்கவா, டிஏ வாங்கவா?

டிஏ. யோசிக்கவே வேணாம்.

ரோட்டரி ஒரே அச்சுல சுத்தும், கிரைண்டர் மாதிரி. வெட்டு வேகமா நடக்கும், சூடும் வேகமா ஏறும், ஒரே எடத்துல ரெண்டு செக்கன் கூட நின்னா கதை முடிஞ்சுது. டிஏ, அதாவது டுவல் எக்ஷன், சுத்திக்கிட்டே ஊசலாடவும் செய்யும், ஒரே எடத்துல ஒரே கோடு விழாது, ரொம்ப அழுத்தினா தானா சுத்துறது நின்னுரும். அந்த நிக்கிற குணம்தான் புதுசா பழகுறவனக் காப்பாத்துறது.

என் கதையச் சொல்றேன். மொத மொதல்ல நான் கையில எடுத்தது இரவல் வாங்கின ரோட்டரி. மாமாவோட கடும் நீலக் கலர் கார், பொனட். நடுவுல எல்லாம் நல்லாத்தான் போச்சு, எனக்கே என்மேல ஒரு மரியாதை வந்துருச்சு. பொனட்டோட முன் விளிம்புக்கு வந்தேன், பேட் அந்த மடிப்புல சாஞ்சு ஒரு நிமிஷம் இல்ல, ஒரு செக்கன், நீலம் போயி சாம்பல் கலர் ப்ரைமர் தெரிஞ்சுது ஒரு பெருவிரல் அளவுக்கு. விளிம்புல பெயின்ட் எப்பவுமே மெல்லிசா நிக்கும்னு எனக்கு அப்ப யாரும் சொல்லல. மாமா வந்தாரு, பாத்தாரு, உள்ள போயி ஒரு முருகன் ஸ்டிக்கர் எடுத்துட்டு வந்து அந்த எடத்துல ஒட்டினாரு. ஸ்டிக்கர் இன்னும் இருக்கு.

டிஏல 8 மில்லிமீற்றர், 15, 21னு எழுதியிருக்கே, அது என்ன?

பேட் ஊசலாடுற வட்டம் எவ்வளவு அகலம்ங்கிற கணக்கு. 21 பெரிய தட்டையான பொனட், ரூஃப்புக்கு நல்லது, வளைவுல தடுமாறும். 8 வளைவுல நல்லா ஒட்டிக்கிட்டுப் போகும், ஆனா மெதுவா வெட்டும். நம்ம ஊர்ல ஓடுறது ஓல்டோ, வேகன் ஆர், விட்ஸ், பழைய கொரோலா, எல்லாம் சின்னப் பெனல், நெறைய மடிப்பு. 5 இஞ்சிப் பேட் போடுற 15 மில்லிமீற்றர் இல்லாட்டி 8 மில்லிமீற்றர் மெஷின் ஒண்ணு இருந்தா ஒரு ஆளுக்கு வாழ்நாள் பூரா போதும். பிராண்டுக்கு நான் சண்டைக்கு வர மாட்டேன், ஆனா பேக்கிங் பிளேட்டும் (பேட் ஒட்டுற தட்டு) மோட்டருக்குள்ள தேயிற காபனும் தனியா வாங்கக் கெடைக்குற மெஷினா பாத்து வாங்குங்க.

இன்னொண்ணு, ஜப்பான்ல இருந்து வந்த பாவிச்ச மெஷின் மலிவா கெடைக்கும், அதுங்க 100 வோல்ட். நம்ம வீட்டு 230ல நேரா சொருகினா புகையத்தான் பாப்பீங்க.

லயத்து வீட்டு லைன்ல மெஷின் ஓடுமா?

ஓடும், 700–900 வொட்ஸ் மெஷின் ஒண்ணும் பெரிய சுமை இல்ல. பொழுது சாயும்போது எல்லா வீட்டுலயும் லைட்டும் ஹீட்டரும் ரைஸ் குக்கரும் போட்டதும் வோல்டேஜ் எறங்கி மெஷின் சோந்து போற எடங்கள் இருக்கு, அங்க காலையில வேலைய முடிச்சுருங்க. மெல்லிசு வயர் எக்ஸ்டென்ஷன 30 மீற்றர் இழுத்துக்கிட்டுப் போகாதீங்க. அதோட ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யாத வீட்டுல, ஈரத் தரையில, வெறுங்காலோட மெஷின் பிடிக்கிறதப் பாத்தா நான் ப்ளக்கக் கழட்டிட்டுத்தான் பேசுவேன். செருப்பாவது போடுங்க.

கழுவின ஒடனே பொலிஷ் அடிக்கலாமா?

கழுவினா மட்டும் பத்தாது. கழுவிக் காஞ்ச பொனட்ட வெறுங்கையால தடவிப் பாருங்க, சொரசொரனு இருக்கும். விரல ஒரு மெல்லிசு பொலித்தீன் பைக்குள்ள விட்டுத் தடவினா இன்னும் நல்லாத் தெரியும். அது தார் துளி, மரப்பிசின், பிரேக்கோட இரும்புத் தூள். கினிகத்தேனை எறக்கம், இறம்பொடை எறக்கம் எல்லாம் பிரேக்க மிதிச்சுக்கிட்டே எறங்குறோம் இல்லையா, அந்தச் சூடான தூள் போயி பெயின்ட்டுல குத்தி நிக்கும், வெள்ளைக் கார்ல பின்பக்கம் சின்னச் சின்ன துருப் புள்ளியாத் தெரியும்.

தாருக்கு தார் ரிமூவர். இரும்புக்கு அயர்ன் ரிமூவர், அடிச்சதும் ஊதாக் கலரா வழியும், நாத்தம் தாங்க ஏலாது, காஞ்சு போக விடாம கழுவுங்க. கடைசியா கிளே பார், பெயின்ட்டுல ஒட்டினத இழுத்து எடுக்குற களிமண் மாதிரிக் கட்டி. நல்லா சவர்க்காரத் தண்ணி விட்டு, அழுத்தாம, வழுக்க விடுங்க, கீழ விழுந்த கிளேய எடுத்துத் தொடைச்சிட்டு திரும்பப் பாவிக்காதீங்க, தூக்கிப் போடுங்க. கிளேயும் லேசாக் கீறும், பரவாயில்ல, அடுத்து பொலிஷ் பண்ணத்தானே போறோம். இந்த வேலையச் செய்யாம மெஷின வச்சா அந்தத் தூளையே பேட்டுக்கு அடியில போட்டுத் தேய்க்கிற கணக்கு.

எந்த நாள், எந்த நேரம் நல்லது? இங்க எப்பவும் மழைதானே?

எங்க இருக்கீங்கங்கிறதப் பொறுத்தது. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே மாசத்துல இருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவ மழை நேரா மூஞ்சியில அடிக்கும், அந்த நேரம் மூடின கராஜ் இல்லைனா ஆசைய அடக்கிக்கிட்டு இருங்க. அதே ஜூன், ஜூலைல பண்டாரவளை, பதுளைப் பக்கம் காஞ்சு கெடக்கும், அவங்களுக்கு அதுதான் சீசன். அவங்களுக்கு மழை வடகீழ் பருவத்துல, டிசெம்பர் ஜனவரில. ஒக்டோபர், நவம்பர்ல எல்லாருக்கும் பின்னேரம் இடி மழை, அதனால காலை வேலைதான். எங்க பக்கம் நான் பெருசா நம்புறது ஜனவரி கடைசில இருந்து மார்ச் வரைக்கும்.

நேரம்னு பாத்தா விடிய எழும்பி ஆரம்பிக்கிறது புத்திசாலித்தனம்னு தோணும், நம்ம ஊர்ல அப்பிடி இல்ல. ஏழு மணிக்கு பொனட்டத் தொட்டுப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாம ஒரு பனி ஈரம் உக்காந்திருக்கும், தொடைச்சாலும் கொஞ்ச நேரத்துல திரும்ப வரும். அதுமேல கொம்பவுண்ட் போட்டா தண்ணி கலந்து வழுக்கும், வெட்டாது, தொடைக்கிறப்ப கொழகொழனு இழுபடும். ஒம்பது, ஒம்பதரைக்கு மூடுபனி கலைஞ்சு இரும்பு கையளவு சூட்டுக்கு வந்த பிறகு ஆரம்பிங்க. வெயில் நேரா விழுற எடமும் வேணாம், காத்து குளுகுளுனு இருக்கும், ஆனா கறுப்பு பொனட் உச்சி வெயில்ல கை வைக்க ஏலாத சூடு ஏறிரும், கொம்பவுண்ட் போட்ட எடத்துலயே காஞ்சு மாவாப் போகும்.

பேட், கொம்பவுண்ட் எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

லேசானதுல இருந்து. நடுத்தரமான ஃபோம் பேட், நடுத்தரமான பொலிஷ். பேட் கலர நம்பாதீங்க, ஒரு கம்பனிக்கு ஒரேஞ்ச் வெட்டு, இன்னொரு கம்பனிக்கு ஒரேஞ்ச் வேற, பேட் வந்த உறையில எழுதியிருக்குறத வாசிங்க. ஒரு கார் முடிக்க ஒரே மாதிரிப் பேட் குறைஞ்சது மூணாவது வேணும், ஒண்ணே ஒண்ண வச்சு முழுக் காரையும் செஞ்சா பாதியிலயே அது கொம்பவுண்ட் குடிச்சு சாணி உருண்டை மாதிரி ஆயிரும்.

எல்லாக் காருக்கும் ஒரே மருந்து வேலை செய்யாது. டொயோட்டா, ஹொண்டா, சுபாரு மாதிரி ஜப்பான் கார்ங்க பெயின்ட் பொதுவா சொஃப்ட், சீக்கிரம் கீறும், சீக்கிரம் சரியாகும். டொயோட்டாவோட 202 கறுப்புனு ஒண்ணு இருக்கு, துணியால தொடைச்சாலே கீறும், அந்தக் கார் வந்தா நான் அன்னைக்கு வேற வேலை வச்சுக்க மாட்டேன். ஜேர்மன் கார் அதிகமா கல்லு மாதிரி, அதுக்கு மைக்ரோஃபைபர் பேட்டும் நல்லா வெட்டுற கொம்பவுண்டும் தேவைப்படும். உங்க கார் எந்த ரகம்னு தெரிஞ்சுக்க ஒரே வழி ஒரு எடத்துல செஞ்சு பாக்குறது, அதத்தான் டெஸ்ட் ஸ்பொட்னு சொல்றோம்.

சரி, படிப்படியாச் சொல்லுங்க, மெஷின எப்பிடிப் பிடிக்கணும்?

மொதல்ல பழைய இரும்புக் கடையில ஒரு பழைய பொனட் வாங்குங்க. சிரிக்காதீங்க, ஒரு கொம்பவுண்ட் போத்தல விட மலிவு. அதுல ரெண்டு நாள் பழகுங்க, வேணும்னே ப்ரைமர் தெரியிற வரைக்கும் தேய்ச்சுப் பாருங்க, எவ்வளவு நேரத்துல பெயின்ட் போகுதுனு கைக்குத் தெரிஞ்சிட்டா அப்பறம் பயமும் இருக்காது, திமிரும் இருக்காது.

கார்ல, பொனட்டுல ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி எடம் டேப் அடிச்சுப் பிரிங்க. புதுப் பேட்னா மூஞ்சி முழுக்க லேசா பொலிஷ் தடவுங்க, பிறகு பட்டாணி அளவுல மூணு நாலு பொட்டு. மெஷின ஓன் பண்றதுக்கு முன்ன பேட்ட பெயின்ட்டுல வைங்க, தூக்கி வச்சுக்கிட்டு ஓன் பண்ணினா சுவர், கண்ணாடி, உங்க மூஞ்சி எல்லாத்துலயும் தெறிக்கும். மெஷின் வேகத்த 1ல போட்டு பொலிஷ பரத்துங்க, பிறகு வேகம் 4 இல்லாட்டி 5. அந்த எடத்த குறுக்கால ஒரு தரம், நெடுக்கால ஒரு தரம், ஒவ்வொரு வரியும் முந்தின வரியில பாதிய மூடுற மாதிரி. நாலுலேருந்து ஆறு தரம். கை வேகம்தான் எல்லாரும் தப்புப் பண்ற எடம், கொழுந்து பறிக்கிற வேகம் இங்க ஆகாது, ஒரு செக்கனுக்கு ஒரு இஞ்சி, எறும்பு ஊர்ற மாதிரி. அழுத்தம்னா மெஷினோட பாரமும் அதுக்கு மேல உங்க கையோட பாரமும், அவ்வளவுதான். பேட் தட்டையா இருக்கணும், சாய்க்கக் கூடாது.

பேக்கிங் பிளேட் ஓரத்துல மார்க்கரால ஒரு கோடு போட்டுக்குங்க. மெஷின் ஓடுறப்ப அந்தக் கோடு சுத்துறது தெரிஞ்சா பேட் வேலை செய்யுது, கோடு நின்ன எடத்துல நடுங்கிக்கிட்டு இருந்தா சத்தம்தான் வருது, வேலை நடக்கல.

முடிஞ்சதும் மைக்ரோஃபைபர் துணியால தொடைச்சிட்டு, ஐசோபுரோபைல் அல்கஹோல தண்ணியில பத்துக்கு ஒண்ணு கலந்து விசிறித் தொடைங்க. எண்ணெய்ப்பசை போனா உண்மை முகம் தெரியும். ஒரே ஒரு பல்பு இருக்குற எல்ஈடி டோர்ச்ச அடிச்சுப் பாருங்க, டியூப் லைட் வெளிச்சத்துல எல்லாக் காரும் அழகுதான். முக்கால்வாசி கீறல் போயிருச்சா? அப்ப அதே கூட்டணியில முழுக் காரையும் செய்யுங்க. போகலைனா மொதல்ல பேட்ட மட்டும் ஒரு படி கூட்டுங்க, அப்பவும் போகலைனாத்தான் கொம்பவுண்ட். ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தினா எது வேலை செஞ்சுதுனு உங்களுக்கே தெரியாது.

ஒவ்வொரு எடம் முடிஞ்சதும் பேட்ட பிரஷ்ஷால சுத்தம் பண்ணுங்க, ஒவ்வொரு தடவையும்.

அப்பறம் வயர தோள் மேல போட்டுக்குங்க, பெல்ட் பக்கிள், மோதிரம், மணிக்கூடு கழட்டுங்க. ஜேர்சிக்கு முன்னால ஸிப் இருந்தா அதையும் கழட்டுங்க இல்லாட்டி திருப்பிப் போடுங்க, குளிருக்கு ஜேர்சி போட்டுக்கிட்டு பொனட் மேல சாஞ்சு ஸிப்பால கீறினவங்கள நான் ரெண்டு பேர் பாத்திருக்கேன்.

மெஷின் சுத்தவே மாட்டேங்குது, பழுதா?

பழுது அனேகமா இல்ல. அழுத்துறீங்க, இல்லாட்டி பேட் சாஞ்சிருக்கு, இல்லாட்டி பேட் ஊறிப் போயிருக்கு, இல்லாட்டி பெரிய ஊசல் மெஷின வளைஞ்ச கதவுல வச்சிருக்கீங்க. இந்த வரிசையில பாத்துக்கிட்டு வாங்க.

தொடைக்கிறப்ப மாவா வருது, சில நேரம் கொழகொழங்குது. ஏன்?

மாவா வந்தா பொலிஷ் கூடப் போட்டீங்க, இல்லாட்டி பெனல் சூடு, இல்லாட்டி காஞ்ச பிறகும் விடாமத் தேய்ச்சீங்க. கொழகொழன்னா குளிரும் ஈரமும், எங்க ஊர் வியாதி. இன்னும் ஒரு தரம் மெஷின ஓட்டி, பெனல் காய விட்டு, புதுத் துணியால தொடைங்க.

பெயின்ட் அடிச்ச காரா இல்லையானு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

பெயின்ட் கனம் அளக்குற மீற்றர் இருந்தா நல்லது. 90–140 காட்டினா பெரும்பாலும் கம்பனிப் பெயின்ட், 200க்கு மேல போனா திரும்ப அடிச்சது, 500, 1000னு போனா அடியில புட்டி. ஆனா அது மொத்தக் கனத்தத்தான் சொல்லும், கிளியர் எவ்வளவு மிச்சம்னு சொல்லாது. 300 காட்டுதுனு தைரியமா வெட்டப் போயி மேல கிளியர் 10 மைக்ரோன்தான் இருந்துச்சுனா? மீற்றர் இல்லைனா ஃப்ரிஜ்ல ஒட்டுற காந்தத்த ஒரு மெல்லிசு துணி மேல வச்சுப் பாருங்க, புட்டி இருக்குற எடத்துல பிடிக்காது. கதவு ரப்பர் ஓரத்துல டேப் அடிச்ச வரி, கண்ணாடி ரப்பர்ல தெறிச்ச பெயின்ட், இதெல்லாம் சாட்சி.

நம்ம ஊர்ல பத்து வருஷத்துக்கு மேல ஓடின கார்னா ஒரு பெனலாவது டிங்கர் பாஸ் கைக்குப் போகாம இருக்காது, அதனால பெனலுக்குப் பெனல் டெஸ்ட் ஸ்பொட் பாக்குறது என் வழக்கம். பேட்டுல கார் கலரே ஒட்டிக்கிட்டு வந்தா பதறாதீங்க, கிளியர் இல்லாத பழைய ரகப் பெயின்ட் அது, சிவப்புக் கார்ல அடிக்கடி பாக்கலாம். ஆனா கிளியர் இருக்குற கார்ல கலர் வந்தா ஒடனே நிப்பாட்டுங்க, கிளியர் முடிஞ்சு கலருக்கு வந்துட்டீங்க. புதுசா பெயின்ட் அடிச்ச காருக்கு வெக்ஸ், கோட்டிங் எதுவும் ரெண்டு மாசம் போகும் வரைக்கும் வேணாம், பெயின்ட்டுக்குள்ள இருக்குற திரவம் வெளிய போகணும்.

தோட்டத்து ரோட்டுல தேயிலைச் செடி ஒரசின கீறல் போகுமா?

இதுதான் எங்க பக்கத்து ஸ்பெஷல். எதிர்ல லொறியோ ட்ரக்டரோ வரும், ஓரம் கட்டுவோம், கவாத்து வெட்டின தேயிலைக் குச்சி கதவோட ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் கோடு போடும். நகத்தால குறுக்க இழுத்துப் பாருங்க. நகம் மாட்டலைனா பொலிஷ்ல போகும். நகம் மாட்டினா போகாது, விளிம்ப மழுக்கி கண்ணுக்குக் கொறைவாத் தெரியிற மாதிரி செய்யலாம், அதோட விட்டுருங்க. அதத் தொரத்திக்கிட்டுப் போறவங்கதான் கிளியரத் தொலைக்கிறாங்க. நடுவுல ப்ரைமரே தெரிஞ்சா டச் அப் பெயின்ட், இரும்பு தெரிஞ்சா இன்னைக்கே, ஏன்னா நம்ம ஈரத்துல துரு ஒரு மாசம் காத்துக்கிட்டு இருக்காது.

விளிம்பு, பம்பர் எல்லாம் எப்பிடி?

விளிம்புக்கும் மடிப்புக்கும் டேப். மாமாவோட பொனட்ட நெனைச்சுக்குங்க. பிளாஸ்டிக் பம்பர்ல சூடு பரவாது, அந்த எடத்துலயே தங்கும், அதனால வேகத்தக் கொறைச்சு, தரமும் கொறைச்சு. கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களையும் மூடுங்க, வெள்ளையா பொலிஷ் ஒட்டினா லேசுல போகாது.

கோயில்ல பூசை போட்ட பிறகு பொனட்டுல கறை, கீறல். என்ன செய்யலாம்?

பக்தியத் தப்புச் சொல்லல, நானும் இறம்பொடை ஆஞ்சநேயர் கோயில்ல போட்டவன்தான். திருநீறுங்கிறது சாம்பல், கீறும். அது காஞ்ச பிறகு கைலேஞ்சியால தொடைச்சுக்கிட்டு வர்றோம் பாருங்க, அங்கதான் அந்த வட்டக் கீறல் எல்லாம். நெறையத் தண்ணி ஊத்தி கரைச்சு விடுங்க, தொடைக்காதீங்க. மாலையக் கம்பியால கட்டியிருந்தா பொனட்டுல ஒரசாம கட்டச் சொல்லுங்க. எலுமிச்சம்பழம் நசுக்கினது பெயின்ட்டுல தெறிச்சா அன்னைக்கே கழுவுங்க. குங்குமக் கறை வெள்ளைக் கார்ல கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும், லேசான பொலிஷ்ல அனேகமா போயிரும்.

மண்ணெண்ணெய், டூத்பேஸ்ட் போட்டா பளபளக்குதே?

மண்ணெண்ணெய் எண்ணெய், அதனால மினுங்கும், தூசு ஒட்டும், ரப்பர் கெடும். டூத்பேஸ்ட் பல்லுக்கு.

த்ரீவீலுக்கு மெஷின் தேவையா? ஹெட்லைட்?

த்ரீவீல்ல 3 இஞ்சிப் பேட் இருந்தா செய்யலாம், இல்லாட்டி கையாலயே அரை நாள்ல முடியும். மஞ்சளாப் போன ஹெட்லைட்டும் பொலிஷ்ல தெளியும், ஆனா வெயிலத் தாங்குற பூச்சும் சேந்தே போகுது, மேல ஏதாவது பாதுகாப்புப் பூசலைனா சில மாசத்துல திரும்ப மஞ்சள். மூடுபனியில ஓட்டுற நமக்கு இது அழகு விசயம் மட்டும் இல்லைங்கிறதால இத மட்டும் நான் யாருக்கும் இல்லைனு சொல்றதில்ல.

பேட்ட எப்பிடிக் கழுவுறது?

சவர்க்காரத் தண்ணியில கசக்கி, நல்லா அலசி, பிழிஞ்சு, மெஷின்ல மாட்டி ஒரு பக்கெட்டுக்குள்ள வச்சு சுத்த விட்டா தண்ணி ஓடிரும். காய ரெண்டு நாளாவது ஆகும் நம்ம ஊர்ல. அவசரத்துக்கு விறகடுப்புக்கு மேல கட்டாதீங்க, பின்னால இருக்குற ஒட்டு சூட்டுல கழண்டுரும், புகைக் கரியும் ஏறும்.

முடிஞ்ச பிறகு வெக்ஸா, செரமிக்கா?

புதுசா பழகுறவங்கன்னா வெக்ஸ் இல்லாட்டி சீலன்ட் (வெக்ஸ் மாதிரியே பூசுற செயற்கைப் பூச்சு). தப்பாப் பூசினாலும் திரும்பத் தொடைச்சு எடுக்கலாம். செரமிக் கோட்டிங்ல தப்பு விட்டா திரும்ப மெஷின்தான். அதுவும் குளிரும் ஈரமும் கூடின நாள்ல எப்ப தொடைக்கணும்னு கணிக்கிறது கஷ்டம், பூசின பிறகு ஒரு நாளாவது தண்ணி படக் கூடாது, ஹட்டன்ல ஜூலை மாசம் ஒரு நாள் தண்ணி படாம கார எங்க வைப்பீங்க? கோட்டிங் போத்தல்ல 9எச்னு போடுறது எவ்வளவு கெட்டினு பென்சில வச்சுப் பாக்குற ஒரு சோதனை, வைரம் மாதிரினு கடைக்காரர் சொன்னா தலைய ஆட்டிட்டு வந்துருங்க, தேயிலைக் குச்சி அதையும் கீறும்.

வருஷா வருஷம் பண்ணலாமா?

முழு வெட்டு வேணாம். நல்லாச் செஞ்சிட்டு நல்லாக் கழுவினா ரெண்டு மூணு வருஷத்துக்கு மெஷின மறந்துரலாம். கீறல் வர்றது ஓடுறப்ப இல்ல, கழுவுறப்பதான். தோட்டத்து ரோட்டுச் சேறுல மணல் இருக்கு, அது மேல நேரா ஸ்பொஞ்ச வச்சா தேய்தாள் வச்ச மாதிரி. பீலித் தண்ணிய ஓஸ் போட்டு இழுத்து சேறு எல்லாம் வழிஞ்சு போற வரைக்கும் அடிங்க, பிறகு ஒரு பக்கெட் ஷாம்பு, ஒரு பக்கெட் வெறும் தண்ணி, மைக்ரோஃபைபர் கையுறை, மேல இருந்து கீழ. டயர் தேய்ச்ச ஸ்பொஞ்ச் டயருக்கு மட்டும். கடையில குடுத்துக் கழுவினா அவங்க ஸ்பொஞ்ச ஒரு தரம் பாருங்க.

ஸ்டிக்கர் கழட்டினா அந்த எடம் அடையாளம் தெரியுது, பொலிஷ்ல போகுமா?

ஹெயார் ட்ரையரால லேசா சூடு காட்டி மெதுவா ஒரு மூலையில இருந்து இழுங்க, பசைக்கு தார் ரிமூவர். ஸ்டிக்கர் ஒட்டியிருந்த எடத்துல வெயில் படல, சுத்தியிருந்த பெயின்ட் வெளுத்திருக்கு, அதனால ஒரு நிழல் தெரியும். புதுக் கார்ல பொலிஷ் பண்ணினா முக்கால்வாசி மறையும், பல வருஷம் ஒட்டியிருந்தா கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும். போன தைப்பொங்கலுக்கு மாமாவும் இதே கேள்வியக் கேட்டாரு, முருகன் பழசாயிட்டாரு, புதுசு ஒண்ணு ஒட்டணுமாம். ஒட்டுங்க மாமா, ஆனா பழச விட கொஞ்சம் பெருசா வாங்குங்கனு சொல்லிட்டேன்.